கடன் பதினைந்து

பெண்கள் ஆண்களோடு சமமாக ஆட முடியாது என்று சொல்பவர்கள் எப்போதும் உடலைத்தான் காட்டுவார்கள். தோளின் அகலம், தசை, எலும்பு, வேகம். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். கல்லூரி விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்க வருகிறவர்கள் ஏதாவது ஒரு வகையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பரிசு கொடுக்கத் தொடங்குவார்கள். அவர்களோடு உடலியல் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரு விளையாட்டைக் காட்டுகிறேன். ஆடுகிற இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளந்து, அதை ஈடுகட்டி, இருபது வயது இளைஞனையும் அறுபது வயதுப் பெண்ணையும் ஒரே களத்தில் இறக்கி, கடைசிப் புள்ளி வரை யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாதபடி ஆட வைக்கும் கருவி அந்த விளையாட்டின் கையில் இருக்கிறது. அப்படி ஒரு கருவியை வைத்துக்கொண்டே அந்த விளையாட்டு பெண்களை வாசலில் நிறுத்தியது. அப்படியென்றால் காரணம் உடல் அல்ல.

விளையாட்டின் பெயர் ரியல் டென்னிஸ். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற டென்னிஸுக்குப் பாட்டி. அமெரிக்காவில் கோர்ட் டென்னிஸ், ஆஸ்திரேலியாவில் முன்பு ராயல் டென்னிஸ், பிரான்ஸில் ஜூ த போம், அதாவது உள்ளங்கை விளையாட்டு. மட்டை வருவதற்கு முன்பு கையால் அடித்தார்கள். பெயர் அங்கேயே நின்றுவிட்டது. பிரிட்டனையும் சேர்த்து இந்த நான்கு நாடுகளில்தான் இன்று இது உயிரோடு இருக்கிறது. ஆடுகளங்கள் மொத்தமே ஐம்பதுக்குப் பக்கம்.

நான்கு சுவருக்குள் ஆடும் ஆட்டம் இது. மூன்று சுவர்களை ஒட்டித் தாழ்வாரம்போலச் சாய்ந்த கூரை ஓடுகிறது. சர்வீஸ் போடும்போது பந்து அந்தக் கூரையில் பட்டு ஓடி எதிராளியின் பக்கம் இறங்க வேண்டும். ஓட்டு வீட்டின் கூரைமேல் பந்தை எறிந்துவிட்டு அது எந்தப் பக்கம் இறங்கும் என்று கீழே காத்து நின்ற எந்தச் சிறுமிக்கும் இந்த ஆட்டத்தில் பாதி புரிந்துவிடும். பந்து தக்கையாலானது, கனமானது, அதிகம் எழும்பாது. மட்டை மரம், தலை ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். ஓங்கி அடிப்பவரைவிட, பந்து எந்தச் சுவரில் பட்டு எங்கே சாகும் என்று அறிந்தவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். அதனால்தான் ஐம்பது, அறுபது வயதிலும் நன்றாக ஆடுகிறவர்கள் இதில் நிறைய.

அந்தப் பந்தை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். தக்கை உருண்டையில் துணிப்பட்டையை இறுகச் சுற்றி, நூலால் கட்டி, மேலே கம்பளித் துணியைப் போர்த்தி ஊசியால் தைக்கிறார்கள். ஒவ்வொரு கிளப்பிலும் இதைச் செய்பவர் அந்தக் கிளப்பின் பயிற்சியாளர். பெரும்பாலும் ஆண். உட்கார்ந்து ஊசி நூலோடு தைக்கிற வேலை வீட்டில் இருந்தால் அது பெண்ணின் பொழுதுபோக்கு; கிளப்பில் இருந்தால் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தரப்படும் தொழில்நுட்பம். இது வேறு கட்டுரைக்கான விஷயம், போகட்டும்.

கருவி என்று சொன்னேனே, அது ஹேண்டிகேப். ரியல் டென்னிஸ் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண் குறையக் குறைய ஆட்டம் உயர்வு. புதிதாக மட்டை பிடிப்பவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். உலகின் தலைசிறந்தவர்களுக்குப் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் பதிவாகி எண் ஏறும், இறங்கும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: ஆண்களுக்கு ஓர் அளவுகோல், பெண்களுக்கு ஓர் அளவுகோல் கிடையாது. மெல்பர்னில் ஆடும் பள்ளிக்கூடப் பையனும் லண்டனில் ஆடும் பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவர் மோதும்போது எண்களின் வித்தியாசத்தைப் பார்த்து, பலவீனமானவர் ஒவ்வொரு கேமையும் பதினைந்திலிருந்தோ முப்பதிலிருந்தோ தொடங்குவார். வித்தியாசம் அதிகமென்றால் பலமானவர் பூஜ்ஜியத்துக்குக் கீழிருந்து தொடங்க வேண்டும். அதற்கு 'ஓ ஃபிஃப்டீன்' என்று பெயர். கடன் பதினைந்து. நீ பதினைந்து கடன்பட்டிருக்கிறாய், முதலில் அதை அடை, பிறகு உன் கணக்கைத் தொடங்கு.

இந்தச் சொல்லை முதல்முறை கேட்டபோது எனக்கு நம் ஊர் ஸ்டாஃப் ரூம்கள்தாம் நினைவுக்கு வந்தன. இட ஒதுக்கீடு என்றாலே 'தகுதி போச்சு' என்று டீக்கோப்பையை வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறவர்கள், இங்கிலாந்தின் மேட்டுக்குடி தன் பிரியமான விளையாட்டில் தொடக்கப் புள்ளியை மாற்றி வைத்துத்தான் ஆட்டத்தை நியாயமாக்குகிறது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஹேண்டிகேப் இன்றைய திறமையை அளக்கிறது, இட ஒதுக்கீடு தலைமுறைகளின் மறுப்பை அளக்கிறது. ஆனால் எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்ற வாதம், அதை ஊதிப் பெருக்கிய வர்க்கத்தின் சொந்த முற்றத்திலேயே செல்லாது.

இனி வாசலுக்கு வருவோம்.

இந்த விளையாட்டின் வரலாற்றில் பெயரோடு நிற்கும் மிகப் பழைய ஆட்டக்காரர்களில் ஒருத்தி பெண். 1427-இல் எய்னோ பகுதியிலிருந்து மார்கோ என்றொருத்தி பாரிஸுக்கு வந்தாள். வயது இருபத்தெட்டு, முப்பது இருக்கும். பெயர் தெரியாத ஒரு பாரிஸ்வாசி எழுதிவைத்த நாட்குறிப்பில் அவள் இருக்கிறாள். முன்கையாலும் புறங்கையாலும் அடிப்பாள், பலமாகவும் தந்திரமாகவும் நுட்பமாகவும் ஆடுவாள், மிகச் சிறந்த சிலரைத் தவிர மற்ற ஆண்கள் எல்லாரையும் தோற்கடிப்பாள் என்று அவர் எழுதுகிறார். எந்தத் தெருவில் ஆடினாள் என்பதுகூட இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: அவள் அழகாக இருந்தாளா என்பது.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அந்த இடம் பெரிதாகப் பட்டது. பெண் கையில் பந்து இருப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பெருங்கதையில் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு பந்தடிக்கிறார்கள். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். ஆனால் குறவஞ்சியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் மாணவிகளைக் கேட்பதுண்டு: பந்து எங்கே போயிற்று? வளை குலுங்குவது தெரிகிறது, இடை துவள்வது தெரிகிறது, மார்பு தெரிகிறது. பந்து மட்டும் தெரிவதில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாரிஸ்காரரின் சில வரிகள் எனக்குப் பிடித்திருப்பது அவர் பந்தைப் பார்த்தார் என்பதால்தான்.

மார்கோவுக்குப் பிறகு நீண்ட மௌனம். பாரிஸில் மட்டும் நூற்றுக்கணக்கான ஆடுகளங்கள் இருந்த காலம் வந்தது. அரண்மனைகள் தமக்கென்று ஆடுகளம் கட்டிக்கொண்டன. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஆடினார். பெண்கள் எங்கே இருந்தார்கள்? பார்வையாளர் மாடத்தில். சர்வீஸ் போடுபவரின் முதுகுக்குப் பின்னே, வலைக்கு அப்பால், ஒரு மாடம் உண்டு. அதன் பெயர் தெதான். பிரெஞ்சில் 'உள்ளே' என்று அர்த்தம். உள்ளே என்று பெயர் வைத்த இடம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. 1536 மே 2 அன்று ஆன் பொலினைக் கைது செய்ய வந்தபோது அவர் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை. பதினேழு நாள் கழித்து அவர் தலை வெட்டப்பட்ட செய்தி வந்தபோது ஹென்றி டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார் என்று இன்னொரு கதை. இரண்டும் உண்மையோ இல்லையோ, யார் பார்க்கிற இடத்தில், யார் ஆடுகிற இடத்தில் என்பதில் கதை சொன்னவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1789 ஜூன் 20 அன்று பிரெஞ்சுப் புரட்சியின் புகழ்பெற்ற உறுதிமொழி எடுக்கப்பட்டது வெர்சாயில் இருந்த இப்படி ஓர் ஆடுகளத்தில்தான். கூட்ட அறை பூட்டியிருந்தது, பக்கத்தில் இருந்த டென்னிஸ் களத்துக்குள் போனார்கள். அரசியல் சட்டம் இல்லாமல் கலைய மாட்டோம் என்று கை உயர்த்தியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இரண்டே ஆண்டுகளில் ஒலிம்ப் த கூஜ் பெண்ணின் உரிமைகளுக்கு ஒரு பிரகடனம் எழுதினார். 1793-இல் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல்.

1874-இல் வால்டர் விங்ஃபீல்ட் என்கிற ராணுவ மேஜர், புல்வெளியில் ஆடும் டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கினார். வலை, பந்து, மட்டை எல்லாம் பெட்டியில் போட்டு விற்பனை. தோட்டம் உள்ள வீட்டில் யாரும் ஆடலாம், பெண்களும் ஆடலாம். விம்பிள்டனில் 1884-இலேயே பெண்கள் ஒற்றையர் போட்டி வந்துவிட்டது. தோட்டம் என்பது வீட்டின் நீட்சி, அதனால் அங்கே பெண் வரலாம். சுவரும் கூரையும் உறுப்பினர் புத்தகமும் கொண்ட பழைய ஆடுகளம் ஆண்களிடமே இருந்தது. ரியல் டென்னிஸில் பெண்களுக்கான உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலில் நடந்தது 1985-இல். புல்வெளிக்கும் கூரைக்கும் நடுவே நூற்றியொரு ஆண்டுகள்! அதுவும் ஆண்கள் மனமிரங்கித் தந்ததல்ல. 1981-இல் பெண்கள் தமக்கென்று ஒரு சங்கம் தொடங்கி வாங்கியது.

லண்டன் லார்ட்ஸ் மைதானத்தை நாம் கிரிக்கெட்டுக்காக அறிவோம். அங்கே ரியல் டென்னிஸ் களமும் இருக்கிறது. அதை வைத்திருக்கும் எம்.சி.சி. 1787-இல் தொடங்கிய கிளப். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் தலைவராக இருந்த ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் 1991-இல் 'ஆர். ஃபிளின்ட்' என்று மட்டும் எழுதி உறுப்பினர் ஆக விண்ணப்பித்தார். பெயரில் பெண் தெரியக் கூடாது அல்லவா. 1998 பிப்ரவரியில் பெண்களைச் சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை என்று தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி வாக்கெடுத்துத்தான் நிறைவேறியது. இருநூற்றுப் பதினொரு ஆண்டுகள். நியூயார்க் பார்க் அவென்யூவில் இருக்கும் ராக்கெட் அண்ட் டென்னிஸ் கிளப் இன்னும் ஆண்களை மட்டுமே உறுப்பினராக்குகிறது. அதன் உள்ளேயும் ரியல் டென்னிஸ் களம் இருக்கிறது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவி ஒருத்தி கை தூக்குவாள். மேடம், இது பணக்காரப் பெண்கள் பணக்கார ஆண்களோடு போடும் சண்டை, நமக்கென்ன?

நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் ஒரு வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. நானூறு பேருக்கு மேல் உறுப்பினர்கள் இருந்து, வழக்கமாகச் சாப்பாடு பரிமாறி, உறுப்பினர் அல்லாதவர்களின் பணமும் வந்துபோகிற கிளப்புகளைத் தனிப்பட்ட இடம் என்று சொல்ல முடியாது, அங்கே பாகுபாடு கூடாது என்று நியூயார்க் மாநகரம் சட்டம் போட்டிருந்தது. காரணம் வெளிப்படை: அந்தச் சாப்பாட்டு மேசைகளில்தான் வேலை கைமாறுகிறது, ஒப்பந்தம் கைமாறுகிறது. கிளப்புகள் எதிர்த்து வழக்குப் போட்டன. நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. கிளப்பின் சமூக வாழ்க்கை என்று நாம் சொல்வது ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் பொழுதுபோக்கு இல்லை. அதுதான் கிளப்பின் தொழில்.

தனியார் இடத்துக்குள் அரசு எப்படி நுழைய முடியும் என்று கேட்பவர்களுக்கு நம்மிடமே உதாரணம் உண்டு. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப் வழக்கத்தின்படி, 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பின் வாசலில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிறுத்தப்பட்டார். தமிழகம் கொதித்தது. ஆகஸ்டிலேயே சட்டமன்றம் வேட்டிக்குத் தடை போடுவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிவிட்டது. நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை. ஓர் ஆணின் இடுப்புத் துணிக்காக ஒரே மாதத்தில் திறந்த கதவு அது என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது ஓர் ஆராய்ச்சி நல்கையில் இங்கிலாந்தில் ஓராண்டு இருந்தபோது. பகலெல்லாம் நூலகத்தில் பழைய தமிழ் அச்சுநூல்கள். மாலையில் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தன் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அந்தக் கிளப்பில் பெண்களுக்குத் தடை ஏதும் இல்லை. அதனால்தான் அந்த ஓராண்டைப் பற்றி எழுதுகிறேன். தடை உள்ள இடத்தைப் பற்றி எழுதுவது எளிது. தடை நீங்கிய இடத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

செப்டம்பரில் எனக்கு எண் கொடுத்தார்கள்: 79. வாழ்க்கையில் முதல்முறையாக என் உடலைப் பற்றி யாரோ வெறும் எண்ணாகப் பேசியபோது அது அவமானமாக இல்லை என்பது வியப்பாக இருந்தது. எடை, ரத்த அழுத்தம், வயது என்று பெண்ணுடலுக்குத் தரப்படும் எண்கள் எல்லாம் குற்றப்பத்திரிகைகள். 79 அப்படி இல்லை. அடுத்த ஆட்டத்தில் இங்கிருந்து தொடங்கு, அவ்வளவுதான்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை லீக். ஒரே ஒரு ஆடுகளம். ஒரு மணி நேரத்துக்கு இருவர், இரட்டையர் என்றால் நால்வர். ஆக, கிளப்பின் உண்மையான செல்வம் பணம் அல்ல, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையான மணிகள். அந்த மணிகள் லீக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. லீக் எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் அணிகளை அமைத்தவர்கள் பத்தாண்டுகளாகச் சேர்ந்து குடித்தவர்கள். ஆள் குறைந்தால் போன் செய்வதும் அவர்களுக்குள்தான். பெண்களுக்கு வியாழன் காலை பத்து மணி. காலை பத்து மணிக்கு எந்தப் பெண் வருவாள்? வேலைக்குப் போகாதவள், ஓய்வுபெற்றவள், என்னைப்போல நேரத்தை வளைத்துக்கொள்ளக்கூடியவள். வேலைக்குப் போகிற, சின்னக் குழந்தை உள்ள பெண் அந்தக் கிளப்பில் ஒருத்திகூட இல்லை. அதே வயதில், அதே அளவு குழந்தைகளோடு ஆண்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளை அந்த மாலைகளில் யார் தூங்க வைத்தார்கள் என்று லீக் அட்டவணையில் போடுவதில்லை.

டிசம்பரில் ஆண்டு விருந்து. கறுப்பு கோட், நீண்ட மேசை, செயலர் உரை. முதல் அணியின் ஒவ்வோர் ஆட்டமும் அந்த உரையில் இருந்தது. பெண்கள் இரட்டையர் அணி வேறொரு கிளப்புக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. அடுத்த வாக்கியம் கேக் செய்து தந்த மனைவிமார்களுக்கு நன்றி. ஜெயித்தவர்களில் ஒருவரும் கேக் செய்திருந்தார். அவருக்கு இரண்டு வாக்கியங்களிலும் இடம் கிடைத்தது. சமையலறையில் அன்றிரவு எழுபது பேரின் தட்டு கழுவிய பெண்ணுக்கு எதிலும் இல்லை. அந்த அறையில் பழுப்பு நிறத் தோல் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் இருந்தது. என் சேலையைப் பற்றி ஒன்பது பேர் பேசினார்கள். என் பேக்ஹேண்டைப் பற்றி ஒருவர் பேசினார், அதுவும் பயிற்சியாளர்.

சாப்பாட்டு அறைச் சுவரில் பொன்னெழுத்துப் பலகைகள். ஒற்றையர், இரட்டையர், ஹேண்டிகேப் கோப்பை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பெயர்கள். பெண்கள் கோப்பைக்கும் பலகை உண்டு. கோட் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், விருந்து நாளில் ஈரக் கோட்டுகளுக்குப் பின்னே.

பிப்ரவரியில் ஹேண்டிகேப் கோப்பை. யாரும் யாரோடும் மோதலாம். இரண்டாவது சுற்றில் எனக்கு வந்தவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், எண் 48. அவர் ஒவ்வொரு கேமையும் கடனில் தொடங்கினார், நான் புள்ளிகளோடு தொடங்கினேன். விதி அது. எனக்கு ஓங்கி அடிக்க வராது. ஆனால் கூரையில் மெதுவாகப் போட்டு, மூலையில் இறக்கிச் சாகடிக்கும் ஒரு சர்வீஸை நான்கு மாதம் வியாழக்கிழமைகளில் பழகியிருந்தேன். ஜெயித்தேன். கைகுலுக்கிவிட்டு அவர் சிரித்தபடி சொன்னார்: "உங்கள் எண்ணை யாராவது சரிபார்க்க வேண்டும்."

அன்று மாலையே அதே கோப்பையில் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவரை அதே ஹேண்டிகேப்பால் ஜெயித்தான். தெதானில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். "பையன் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறான் பார்" என்றார்கள். பெண் ஜெயித்தால் அளவுகோல் பழுது. ஆண் ஜெயித்தால் ஆட்டம் உயர்வு. ஹேண்டிகேப் எண்ணைக் கணக்கிடும் கணினிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெதானுக்குத் தெரியும்.

சம அளவுகோல் இருந்தால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் நான் கேட்க வேண்டியது இதுதான்: அந்த அளவுகோலை நம்புகிறவர்கள் எத்தனை பேர்? அளவுகோலுக்கு மரியாதை, அது ஆண்களை ஆண்களோடு அளக்கும்வரை. தேர்வு மதிப்பெண்ணில் பெண்கள் ஆண்டுதோறும் முந்தும்போது நம் ஊரில் என்ன சொல்கிறார்கள்? மனப்பாடம் செய்கிறார்கள் என்கிறார்கள். அதே வழக்கறிஞர்தான், அதே சிரிப்புதான்.

கிளேர் ஃபாஹி என்றொரு வீராங்கனை இருக்கிறார். 2011 தொடங்கிப் பெண்கள் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து பலமுறை எடுத்திருக்கிறார். சகோதரியோடு சேர்ந்து இரட்டையர் பட்டங்களும். ஆண்கள் ஆடும் போட்டிகளிலும் இறங்கியிருக்கிறார். அந்தக் கிளப்பில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், மரியாதையாகத்தான் பேசுவார்கள். 'விதிவிலக்கு' என்பார்கள். மார்கோவையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆறு நூற்றாண்டுக்கு ஒருத்தி என்று விதிவிலக்குகளை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் 79 எண்ணோடு வருகிற சாதாரணப் பெண்ணால்தான். அவளுக்கு மாலை ஏழு மணி வேண்டும்.

அதைத்தான் ஆண்டுப் பொதுக்குழுவில் கேட்டோம். மே மாதம். பெண் உறுப்பினர்களை எண்ணக் கைவிரல்களும் கால்விரல்களும் போதும். அதில் ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். தீர்மானத்தை எழுதியவர் என்னைக் கூட்டி வந்த செவிலியர். வாரத்தில் இரண்டு மாலைகளில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு, அவ்வளவுதான். பொருளாளர் எழுந்து, கிளப்பில் பாகுபாடே கிடையாதே, எந்த மணியையும் எவரும் முன்பதிவு செய்யலாமே என்றார். பெண்களுக்கென்று ஒதுக்குவதுதான் பாகுபாடு என்றார் இன்னொருவர். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை ஒருவர் எங்களுக்கு எதிராகவே மேற்கோள் காட்டினார். இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள சங்கம் தன் உறுப்பினர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் சட்டம் அது; எங்களைக் காக்க வந்தது. லீக்குக்கு ஆறு மாதம் ஒதுக்கப்பட்டிருக்கும் மணிகள் ஒதுக்கீடு இல்லையா என்று செவிலியர் கேட்டார். அது மரபு என்றார்கள். துணைக்குழு அமைத்து அடுத்த ஆண்டு பேசலாம் என்று முடிந்தது. துணைக்குழுவில் மூவர். மூன்று பேரும் லீக் ஆடுபவர்கள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மாள் சிகரெட் பற்றவைத்தார். அறுபத்தெட்டு வயது, நாற்பது ஆண்டு இரவுப் பணி பார்த்தவர். "எவரும் முன்பதிவு செய்யலாம் என்றாரே, கேட்டீர்கள்தானே?" என்றார்.

லீக் இல்லாத கோடை மாதங்களில் மாலை மணிகளுக்கான முன்பதிவு இரண்டு வாரத்துக்கு முன்பு, நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறக்கும். ஆண்கள் காலையில் எழுந்து, அலுவலகம் போய், காபி குடித்தபடி பதிவு செய்வார்கள். அவர்களுக்கு அவசரம் இருந்ததே இல்லை. ஒன்பது பெண்கள் முறைவைத்து விழித்தோம். என் முறை செவ்வாய். ஊரில் அப்போது விடிகாலை நாலரை. அம்மாவுக்குப் போன் செய்தால் எடுத்துவிடுவார், அவரோடு பேசிக்கொண்டே பன்னிரண்டு அடிக்கக் காத்திருப்பேன். ஜூன் பாதிக்குள் வாரத்தின் ஐந்து மாலைகளிலும் ஏழு மணி எங்கள் பெயரில் இருந்தது. வியாழன் காலைக்கு வர முடியாததால் கிளப்பை விட்டுப் போயிருந்த ஓர் ஆசிரியை திரும்பி வந்தார். பக்கத்து மருத்துவமனையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தெதானில் தூங்க வைத்துவிட்டு ஆடினாள். என் எண் 68-க்கு இறங்கியது.

ஜூலை முதல் வாரத்தில் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மாலை நேரங்களை முன்பதிவு செய்யும்போது மற்ற உறுப்பினர்களின் வசதியையும் கருத்தில் கொள்ளுமாறு அன்போடு கேட்டிருந்தார். ஆகஸ்ட் முதல் ஒருவர் வாரத்துக்கு ஒரு மாலைக்கு மேல் பதிவு செய்ய இயலாது என்று புதிய விதி ஒன்றும் இருந்தது. துணைக்குழு எதுவும் அமைக்காமல், பொதுக்குழு எதுவும் கூட்டாமல், ஒன்பது நாளில் வந்த விதி. செவிலியர் அதை அச்சடித்து, பெண்கள் பலகைக்குக் கீழே, கோட் மாட்டும் கொக்கியில் குத்திவைத்தார். நாங்கள் ஒன்பது பேர் இப்போது பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு மாலை என்றாலும் வாரத்தில் ஐந்து மாலைகள்தானே இருக்கின்றன.